நின்று நின்று ஓடிய மூச்சு

பாட்டில் தொழிற்சாலையில் அவளைக் கழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. உலையிலிருந்து வந்து ஆறிய பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து ஒரு வெள்ளை வெளிச்சப் பலகையைக் கடந்து போகும். எதிரே உயரமான நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதுதான் அவள் வேலை. கழுத்தில் மயிரிழை விரிசல், அடியில் காற்றுக் குமிழி, வாய் விளிம்பில் பிசிறு என்று எது இருந்தாலும் எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போட வேண்டும். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நிறம் மங்கலான பாட்டிலிலும் விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள். "அக்கா கண்ணுல பட்டா அந்தப் பாட்டில் கதை முடிஞ்சுது" என்பார்கள் கூட வேலை பார்க்கிற பெண்கள். அதனால்தான் கழுகு.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில் மோட்டார் அறைக்குள் நாள் முழுக்க இருந்துவிட்டு, கிரீஸ் வாசனையோடு வீட்டுக்கு வருவார். அதிகம் பேசமாட்டார். இருவருக்கும் பெரிய சண்டை என்று எதுவும் வந்ததில்லை. வந்ததெல்லாம் தூக்கத்தைப் பற்றித்தான். ராத்திரியில் அவளைத் தோளைப் பிடித்து அசைப்பார், முதுகில் கை கொடுத்துப் புரட்டுவார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்கப்பா என்னை ஒரு நாளும் முழுசாத் தூங்க விட்டதில்ல" என்று மகளிடம் முறையிடுவாள்.

"நீ நின்னு நின்னு ஓடுற. பக்கத்துல படுத்திருக்கிறவனுக்குப் பயமா இருக்காதா?" என்பார் அவர். மோட்டாரோடு மல்லுக்கட்டுகிற மனிதர் பொண்டாட்டியையும் மோட்டார் என்று நினைத்துக்கொண்டாரே என்று மகள் சிரிப்பாள். குறட்டையைத்தான் நையாண்டி செய்கிறார் என்று கழுகக்காவும் முறைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு கோடை முழுக்க அவரோடு கோபித்துக்கொண்டு ஹாலில் போய்ப் படுத்தாள். ஹாலில் இருந்த சோபா ஒடுக்கமானது. ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். அங்கே நன்றாகத் தூங்கினாள். அவர் தொல்லை இல்லாததால்தான் தூக்கம் வருகிறது என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் மார் வலிக்கிறது என்று மோட்டார் அறைப் படியில் உட்கார்ந்தவர் திரும்ப எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் வந்தது. வந்தது என்று சொன்னால் போதாது, தூக்கம் அவளைத் தின்றது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிடும், டிரைவர் கடைசி நிறுத்தத்தில் எழுப்பி விடுவார். அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் கருகின வாசனைதான் எழுப்பும். ராத்திரி அடித்துப் போட்டாற்போல் கிடந்தும் காலையில் எழுந்தால் தலை கல்லாகக் கனக்கும், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தூக்கத்துக்கு நடுவே சிறுநீர் கழிக்க எழுந்து எழுந்து போவாள். காலையில் கண்ணாடியில் பார்த்தால் முகம் வீங்கி, யாரோ வேற்று மனுஷி மாதிரி இருக்கும்.

"பாவம், துக்கம் அழுத்துது" என்றார்கள் தெருவில். தொழிற்சாலையிலும் அதையேதான் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். ஒன்றுதான் அவளை உறுத்தியது. அவளுக்கு அழுகை வரவில்லை. செய்தி வந்த அன்று கொஞ்சம் அழுதாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் அவரை நினைக்க உட்கார்ந்தாலே கண் சொக்கிவிடும். முழுசாக ஒரு தரம் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. நான் என்ன மனுஷி என்று தன்னையே வெறுத்தாள்.

குடும்ப டாக்டரிடம் போனாள். வருஷக்கணக்காகத் தெரிந்தவர், நல்லவர்தான். அவர் கணவன் போன விஷயத்தைக் கேட்டார், பெருமூச்சு விட்டார்.

"மனசு ஆறணும்மா. ராத்திரி சரியாத் தூங்காததாலதான் பகல்ல அசத்துது. ஒரு மாத்திரை தர்றேன், போட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மாத்திரையைப் போட்டாள். அதற்குப் பிறகு காலையில் எழுந்திருப்பதே மலையைப் புரட்டுவது போலாகிவிட்டது.

சூப்பர்வைசர் அவளை ஒரு நாள் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு உடைந்த பாட்டில் கழுத்து. அவர் வயசில் சின்னவர். கழுகக்காவிடம்தான் வேலை கற்றுக்கொண்டவர். கண்ணை ஏறெடுத்துப் பார்க்காமல் பேசினார்.

"குளிர்பானக் கம்பெனியிலேர்ந்து அனுப்பியிருக்காங்கக்கா. மூடி போடுற மெஷின்ல வெடிச்சிடுச்சாம். அங்க ஒருத்தர் கையைக் கிழிச்சிடுச்சு."

அவள் அந்தக் கண்ணாடித் துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பழைய விரிசல். உலையிலிருந்து வரும்போதே இருந்த விரிசல். எந்தக் குருடனுக்கும் தெரியும்.

"இது என் ஷிப்ட்தானா?"

"ஆமாக்கா."

"நான் இதைப் பார்க்கலையா?"

சூப்பர்வைசர் எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கண்ணைத் திறந்துட்டே தூங்குறீங்கக்கா. ரொம்ப நாளா நாங்க எல்லாரும் பார்த்துட்டுதான் இருக்கோம். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மறுநாளிலிருந்து அவளை அட்டைப்பெட்டி கட்டுகிற பகுதிக்கு மாற்றினார்கள். அந்த வேலைக்குக் கண் வேண்டியதில்லை, கை போதும். மற்ற பெண்கள் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை ரொம்பவும் வாட்டியது.

காரியம் முடிந்ததும் மகள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிவிட, கழுகக்கா வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். இந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்தாள். கணவருக்கு மூத்தவள், தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் காலம் பூரா உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். வரிசையில் நிற்கிறவர்களை அதட்டியே பழகின குரல். தம்பி பொண்டாட்டிக்குத் துணையாகக் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று பெட்டியோடு வந்து இறங்கியவள், ஹால் சோபாவைத் தனக்கென்று பிடித்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் நாத்தனார் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். சின்ன வயசில் அவன் வீட்டுக் கடிகாரத்தை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு அடி வாங்கியது, அடி வாங்கிய கையோடு அத்தனையையும் திரும்பக் கோத்து ஓடவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே கழுகக்கா வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டை வேறு.

நாத்தனார் எழுந்து போய்விட்டாள். கழுகக்காவுக்கு விழிப்புத் தட்டியபோது, சமையலறையில் நாத்தனார் போனில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"என் தம்பி போய்ச் சேர்ந்துட்டான். இவளுக்கு என்ன, குறட்டை விட்டுத் தூங்குறா. அவனைப் பத்திப் பேசினா தாலாட்டு மாதிரி இருக்கு போல இவளுக்கு. கல்லுக்குக்கூட ஈரம் இருக்கும்."

கழுகக்கா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்துபோய் மறுத்துச் சொல்லலாம் என்றால், எதைச் சொல்லி மறுப்பது? அண்ணி சொல்வது நிஜம்தானே என்றுதான் அவளுக்கே தோன்றியது.

அதன்பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. நாத்தனார் பாத்திரத்தை வைக்கும் சத்தத்திலேயே அவள் மனசில் இருப்பது தெரிந்துவிடும். இன்னும் சில நாள் போயிருந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். அதற்குள் ஹாலில் இருந்த மின்விசிறி கெட்டுப்போனது. வெயில் காலம், காற்றில்லாமல் படுக்க முடியாது. வேறு வழியில்லாமல் நாத்தனார் தலையணையைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு வந்தாள். கட்டிலில் தம்பி படுத்த பக்கத்தில், ஒரு வார்த்தை பேசாமல், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் கழுகக்கா கண் விழித்தபோது நாத்தனார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முடி கலைந்திருந்தது, கண் சிவந்திருந்தது. ஒரு கை கழுகக்காவின் தோள்மேல் இருந்தது.

"ராத்திரி நீ என்ன பண்றேன்னு உனக்குத் தெரியுமா?"

"குறட்டை விட்டேனா அண்ணி? மன்னிச்சுக்கோங்க. இன்னிக்கே ஃபேனைச் சரி பண்ணச் சொல்றேன்."

"குறட்டை இருக்கட்டும். குறட்டைன்னா தலகாணியைக் காதுல அமுக்கிட்டுத் தூங்கியிருப்பேன். குறட்டை நின்னுச்சு பாரு, அதுதான் தூக்கிவாரிப் போட்டுது. ஒரேயடியா நின்னுடுச்சு. சரி, ஓய்ஞ்சுதுன்னு பார்த்தா மூச்சையும் காணோம். வயிறு மட்டும் ஏறி இறங்குது. மார் தவிக்குது. வாயில காத்தே இல்ல. கையை மூக்குல வச்சுப் பார்த்தேன், ஒண்ணுமில்ல. நான் 'ஐயோ'ன்னு கத்தப் போனேன், அதுக்குள்ள தண்ணியில முங்கினவ மேல வர்ற மாதிரி 'ஹா'ன்னு ஒரு இழுப்பு. அப்புறம் குறட்டை. அப்புறம் மறுபடியும் நின்னுடுச்சு." நாத்தனார் அவள் தோளை அழுத்திப் பிடித்தாள். "செத்துச் செத்துப் பொழைக்கிறடி நீ."

கழுகக்கா எழுந்து உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே அண்ணி."

"எப்படித் தெரியும்? நீதான் அங்க இல்லையே. நான் என்ன பண்ணுவேன், தோளைப் பிடிச்சு ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். மூச்சு ஒழுங்கா வந்துச்சு. நீ திரும்ப மல்லாந்த. திரும்பப் புரட்டினேன். விடிய விடிய இதே வேலைதான்."

தோள்மேல் இருந்த அந்தக் கையைக் கழுகக்கா பார்த்தாள். பிறகு கணவர் படுக்கும் பக்கத்தைப் பார்த்தாள்.

"அவரும் இப்படித்தான் அண்ணி புரட்டுவார். ராத்திரி பூரா. நான் திட்டுவேன்."

நாத்தனார் கட்டிலை விட்டு எழுந்தாள். "முகத்தைக் கழுவிட்டுக் கிளம்பு" என்றாள். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

நுரையீரல் டாக்டர் நடுத்தர வயசுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் கேட்டாள். எந்நேரம் படுக்கிறீங்க, காலையில தலைவலி உண்டா, வாய் காயுதா, மாதவிடாய் நின்னு எத்தனை காலம் ஆச்சு. அப்புறம் ஒரு மாதிரியான கேள்விகள்.

"டிவி பார்க்கும்போது கண்ணசருமா?"

"ஆமாங்க."

"பஸ்ல போகும்போது?"

"கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிடுவேன்."

"எதிர்ல ஒருத்தரோட பேசிட்டிருக்கும்போது?"

கழுகக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனார் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள் கழுகக்கா.

"பக்கத்துல யார் படுக்கிறாங்க?" என்று டாக்டர் கேட்டாள். "இந்த வியாதியில நோயாளியைக் கேட்டுப் பாதிதான் தெரியும். மீதியைப் பக்கத்துல படுக்கிறவங்கதான் சொல்லணும். தனியாப் படுக்கிறவங்க ரொம்ப லேட்டாத்தான் எங்ககிட்ட வர்றாங்க."

நாத்தனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ராத்திரி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மூச்சு நின்ற மாதிரியைத் தன் வாயாலேயே நடித்துக் காட்டினாள். பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். டாக்டர் சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டாள்.

பிறகு அளவு நாடாவால் கழுத்தைச் சுற்றி அளந்தாள். பக்கவாட்டில் நின்று தாடையைப் பார்த்தாள். "வாயை நல்லாத் திறந்து நாக்கை நீட்டுங்க. 'ஆ'ன்னு சத்தம் போட வேண்டாம்" என்று டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தாள். ரத்த அழுத்தம் எடுத்தாள். அது ஏறியிருந்தது. அதுவரை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

"நான் ஒண்ணும் குண்டா இல்லையேங்க" என்றாள் கழுகக்கா. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு இப்படி ஏதோ இருந்து, உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"குண்டா இருக்கிறவங்களுக்கு அதிகமா வரும். ஒல்லியா இருந்தா வராதுன்னு இல்லம்மா. உங்க தாடை கொஞ்சம் உள்வாங்கியிருக்கு, தொண்டை வழி சிறுசு. மாதவிடாய் நின்னப்புறம் பெண்களுக்கு இது கூடும். ஆனா பெண்கள் வந்து 'அசதியா இருக்கு'ன்னு சொன்னா எல்லாரும் மனசுக்குத்தான் மருந்து தர்றாங்க. ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தாள், முகம் இறுகியது. ஆனால் முந்தின டாக்டரை ஒரு சொல் குறை சொல்லவில்லை.

"இது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். மூச்சு அடைச்சா மூளை எழுப்பி விடும், அதையும் மந்தமாக்கும். சட்டுன்னு நிறுத்தக் கூடாது. பாதிப் பாதியாக் குறைச்சு நிறுத்தணும், எப்படின்னு சொல்றேன். அப்புறம் ஒரு ராத்திரி இங்க வந்து தூங்கணும்."

"தூங்கவா? ஆஸ்பத்திரிக்கா?" என்றாள் நாத்தனார்.

"ஆமா. நீங்க பார்த்ததை மெஷின் வச்சுப் பார்க்கணும். சந்தேகத்துல வைத்தியம் பண்ணக் கூடாது."

சோதனை அறை ஆஸ்பத்திரி போல் இல்லை. சாதாரணக் கட்டில், நீலப் போர்வை, ஜன்னலுக்குத் திரை. கூரை மூலையில் மட்டும் ஒரு சின்ன கேமரா. சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னாலேயே டெக்னீஷியன் பெண் வேலையை ஆரம்பித்துவிட்டாள். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, பசை தடவி, மண்டையில் ஒயர்களை ஒட்டினாள். கண்ணோரம் ஒன்று, மோவாயில் ஒன்று, கெண்டைக்காலில் ஒன்று. மார்பில் ஒரு பட்டை, வயிற்றில் ஒரு பட்டை. மூக்குத் துளையில் மெல்லிய குழாய். விரல் நுனியில் சிவப்பு வெளிச்சம் எரியும் கிளிப். ஒவ்வொன்றையும் ஒட்டும்போதே அது எதற்கென்று சொல்லிக்கொண்டு வந்தாள். மண்டையில் இருப்பது தூக்கம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க, மூக்கில் இருப்பது காற்று போகிறதா என்று பார்க்க, பட்டை மூச்சுக்காக உடம்பு முயற்சி செய்கிறதா என்று பார்க்க, விரலில் இருப்பது ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்க்க.

"இத்தனை ஒயரையும் மாட்டிட்டு எந்த மனுஷருக்குத் தூக்கம் வரும்மா?"

"எல்லாரும் இதையேதான் கேப்பாங்க. கேட்டுட்டுத் தூங்கிடுவாங்க" என்று அந்தப் பெண் சிரித்தாள். "நான் பக்கத்து ரூம்லதான் இருப்பேன். நீங்க தூங்குறதை ஸ்கிரீன்ல பார்த்துட்டே இருப்பேன். எந்திரிக்கணும்னா சும்மா கூப்பிடுங்க, மைக் இருக்கு."

"நீ தூங்கமாட்டியா?"

"நீங்க தூங்குறதுக்குத்தானே நான் முழிக்கிறேன்."

யாரோ ஒருத்தி சம்பளத்துக்குச் செய்கிற இந்த வேலையைத்தான், வீட்டில் ஒரு மனுஷர் சும்மா செய்துகொண்டிருந்தார். பகல் பூரா மோட்டார் அறையில் வேலை செய்துவிட்டு வந்து. அதை முழுசாக நினைப்பதற்குள் கண் மூடிக்கொண்டது.

விடிந்ததும் டெக்னீஷியன் பெண் வந்து ஒயர்களைக் கழற்றினாள். முடியெல்லாம் பசை. "எப்படி இருந்துச்சும்மா?" என்று கழுகக்கா கேட்டாள்.

"டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது" என்றவள், வெதுவெதுப்பான துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள். "ரொம்பக் கஷ்டப்பட்டீங்கம்மா."

சில நாள் கழித்து டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோடுகள்.

"மேல இருக்கிறது மூக்குல காத்து. பாருங்க, அலை மாதிரி போகுது, இங்க வந்து நேர்கோடாயிடுச்சு. காத்து இல்ல. ஆனா கீழ மார்பும் வயிறும் பாருங்க, அது நிக்கல. இழுக்குது, இழுக்குது. கதவு சாத்தியிருக்கு, உள்ளே இருக்கிறவங்க முட்டுறாங்க. அதனாலதான் இது தொண்டை அடைப்புன்னு உறுதியாச் சொல்ல முடியுது. மூளை மூச்சு விட மறந்திருந்தா மார்பும் சேர்ந்து நின்னிருக்கும். இந்தக் கோடு பிராணவாயு, சரிஞ்சுக்கிட்டே போகுது. இங்க மூளை பயந்துபோய் ஒரு நொடி எழுப்பி விடுது. தொண்டை திறக்குது. உங்களுக்கு அது ஞாபகம் இருக்காது. மறுபடி தூங்குறீங்க, மறுபடி அடைக்குது. உங்களுக்கு மணிக்கு நாற்பது தடவைக்கு மேல. தூக்கத்துல மூச்சு அடைபடுற வியாதி, ஸ்லீப் ஆப்னியாம்பாங்க. உங்களுக்குக் கடுமையாவே இருக்கு."

திரையைப் பார்த்தபடி கழுகக்கா கேட்டாள். "அப்போ நான் ராத்திரி தூங்கவே இல்லையா?"

"படுத்திருந்தீங்க. தூங்கலை."

நாத்தனார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, என் தம்பி இவளைப் புரட்டிப் போடுவானாம். அதனாலதான் இவ பொழைச்சிருந்தாளா?"

டாக்டர் யோசித்துப் பதில் சொன்னாள். "பொழைச்சாங்கன்னு நான் சொல்லமாட்டேன். அவர் புரட்டாட்டியும் மூளை எழுப்பி விட்டிருக்கும். ஆனா இந்தப் படத்திலேயே பாருங்க, மல்லாந்து படுத்தா அடைப்பு அதிகமாகுது, ஒருக்களிச்சா பாதிக்குப் பாதி குறையுது. அவர் புரட்டின வரைக்கும் கொஞ்சமாவது தூக்கம் கிடைச்சிருக்கும். அவர் போனப்புறம் அதுவும் போச்சு."

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாத்தனார் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். "ஊரே துக்கம் துக்கம்னுச்சு. வினை தூக்கத்துலதான் இருந்திருக்கு" என்றாள். பிறகு முகத்தைப் பார்க்காமலே, "போன்ல நான் பேசினது உன் காதுல விழுந்திருக்கும். தெரியும் எனக்கு" என்றாள்.

"விட்டுடுங்க அண்ணி."

"விடமாட்டேன். கல்லுன்னு சொன்னேன் உன்னை. நான்தான் கல்லு."

டாக்டர் எழுதிக் கொடுத்த மெஷின் வந்தது. சின்ன ரேடியோ அளவுப் பெட்டி, நெளிகிற குழாய், மூக்கை மூடும் முகமூடி. காற்றை அழுத்தமாக உள்ளே அனுப்பி, தொண்டை மூடாமல் பிடித்துக்கொள்ளும். முதல் நாட்களில் அவளுக்கு அது பெரும் வேதனை. மூச்சு முட்டுகிறது என்று பிய்த்து எறிவாள், மூக்கு காய்ந்து எரியும், கன்னத்தில் பட்டையின் தடம் பதிந்துவிடும். "இதுக்கு அவர் கையே தேவலை" என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். நாத்தனார் முகமூடியை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் வேறு அளவு முகமூடி கொடுத்தார்கள். காற்றோடு ஈரம் சேர்ந்து வருகிற மாதிரி சரிசெய்து தந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது பழகிவந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. யாரும் எழுப்பாமல் கழுகக்காவுக்கு விழிப்பு வந்தது. தலை கனக்கவில்லை. நாக்கு ஒட்டவில்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது துல்லியமாகக் கேட்டது. ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் எப்படி விழுந்திருக்கிறது என்பதுவரை தெளிவாகத் தெரிந்தது. எத்தனையோ காலமாக மூடியிருந்த பனி விலகின மாதிரி இருந்தது. அந்தத் தெளிவோடு பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள்.

அவர் இல்லை.

அது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. முகமூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு வாய்விட்டு அழுதாள். அடக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இத்தனை மாதமாக அசதிக்கு அடியில் அமுங்கிக் கிடந்தது எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது. அவர் சட்டையின் கிரீஸ் வாசனை, படியேறும் செருப்புச் சத்தம், பாதித் தூக்கத்தில் தோளைப் பிடித்த கை. "இனிமே என்னைத் தொடாதீங்க, நான் தூங்கணும்" என்று அவரிடம் சொன்ன தன் குரலும் கேட்டது.

சத்தம் கேட்டு நாத்தனார் ஓடி வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, அவர் போயிட்டார் அண்ணி."

"போயிட்டான்டி. நம்ம ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போயிட்டான்."

வெயில் ஏறும்வரை அழுதார்கள். அன்று அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை.

உடம்பு தேறியதும் கழுகக்கா சூப்பர்வைசரிடம் போனாள். ஆஸ்பத்திரியில் சொன்னதை எல்லாம் சொன்னாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வியாதிதானேக்கா, உங்க தப்பு இல்லையே. பழைய சீட்டுக்கே வந்துடுங்க" என்றார்.

"சீட்டு இருக்கட்டும். கையைக் கிழிச்சுக்கிட்டாரே ஒருத்தர், அவர் எப்படி இருக்கார்?"

"தையல் போட்டாங்க. வேலைக்குத் திரும்பிட்டார். சுண்டுவிரல் மட்டும் முழுசா மடங்கலையாம்."

அவரைப் பார்க்க வேண்டும் என்றாள். சூப்பர்வைசர் தடுத்துப் பார்த்தார், அவள் கேட்கவில்லை. அடுத்த முறை சூப்பர்வைசர் அந்தக் குளிர்பானக் கம்பெனிக்குப் போனபோது கூடவே போனாள்.

மூடி போடும் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார் அந்த ஆள். கையில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. சூப்பர்வைசர் இழுத்து இழுத்து ஏதோ சொல்ல ஆரம்பிக்க, கழுகக்கா குறுக்கிட்டாள்.

"அந்தப் பாட்டிலைப் பார்த்து அனுப்பினது நான்தான். தூங்கிட்டேன். அது ஒரு வியாதின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இருந்தாலும் தூங்கினது நான்தான்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கோபம் வந்து, எங்கே போவது என்று தெரியாமல் நின்ற மாதிரி இருந்தது. விரலை மடக்கிப் பார்த்தார். அது பாதியில் நின்றது.

"குளிர் நாள்ல வலிக்குது" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கிளம்புகிறபோதுதான் அவர் பின்னாலேயே வந்து கேட்டார். "என்ன வியாதின்னு சொன்னீங்க? எங்கப்பாவும் குறட்டை விட்டுட்டே இருப்பார், திடீர்னு நின்னு போயிடும். நாங்க சிரிப்போம்."

"சிரிக்காதீங்க" என்றாள் கழுகக்கா. ஆஸ்பத்திரியையும் டாக்டரையும் சொன்னாள். "அவரைத் தனியா அனுப்பாதீங்க. பக்கத்துல படுக்கிறவங்க யாராவது கூடப் போங்க. என்ன நடக்குதுன்னு அவரால சொல்ல முடியாது."

உயரமான நாற்காலிக்கு உடனே ஏற அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தான் பார்த்து அனுப்பும் பாட்டில்களை இன்னொருத்தி மறுபடி பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். சில வாரம் அப்படியே நடந்தது. ஒரு பழுதும் தப்பவில்லை என்று ஆன பிறகுதான் தனியாக உட்கார்ந்தாள்.

மழை ஆரம்பித்த பிறகு நாத்தனார் ஊருக்குக் கிளம்பினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்து, மெஷினின் காற்று வடிகட்டியைக் கழுவிக் காயவைத்திருக்கிறதா என்று பார்த்தாள்.

"நான் பார்த்துக்கறேன் அண்ணி. நீங்க பஸ்ஸை விட்டுடப் போறீங்க."

"பஸ் போனா அடுத்தது வரும்" என்று அதட்டினாள் நாத்தனார். "ஒரு நாள் மாட்டாம படுத்தேன்னு தெரிஞ்சுது, அடுத்த பஸ்ஸுல வந்து நிப்பேன்."

கழுகக்கா சிரித்தாள். பஸ் நிறுத்தம்வரை கூடப் போய் ஏற்றிவிட்டு, மழைத் தூறலில் குடையை விரித்துக்கொண்டு வேலைக்கு நடந்தாள்.